மலையகத்தில் சித்திரமும் எண்ணெய் வர்ணமும் கற்கத் தொடங்குபவருக்கு

வரையத் தொடங்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பெயிண்ட் வாங்குவது?" என்பதுதான். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ டவுனுக்குப் போய், பன்னிரண்டு டியூப் உள்ள பெட்டி ஒன்றை வாங்கிவந்து, கன்வஸில் தேயிலை மலையைப் பச்சையாகப் பூசிப் பார்த்து, அது மலையாக வராததால் பெட்டியை மூடிவைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் திறமை இருந்தது. வரிசைதான் மாறிப்போயிருந்தது. முதலில் கோடு, பிறகு வெளிச்சமும் நிழலும், அதற்கும் பிறகுதான் நிறம். இந்த மூன்றில் நடுவில் இருப்பதை நமக்கு நம் ஊர்ப் பனியே சொல்லித்தரும். அதனால் பெயிண்ட் வாங்கும் காசைக் கொஞ்ச காலம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம்: ஒரு கொப்பி, இரண்டு பென்சில்

கோடில்லாத சித்திரக் கொப்பி ஒன்று, 2பி பென்சில் ஒன்று, அதைவிட மென்மையாகவும் கருமையாகவும் எழுதும் 6பி பென்சில் ஒன்று. ஆரம்பத்துக்கு இவை போதும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வரையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் இருபது நிமிடம் உட்காருபவரின் கை வேகமாகத் தேறும்.

எதை வரைவது? வீட்டில் இருப்பதை. கேத்தல், வாளி, தேங்காய்ச் சிரட்டை, கவ்வாத்துக் கத்தி, இஸ்தோப்பில் கழற்றிப் போட்ட செருப்பு. கேத்தலும் வாளியும் நல்ல ஆசிரியர்கள். அவற்றின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு அது நீள்வட்டமாகத்தான் படுகிறது. தெரிந்ததை வரையாமல் கண்ணில் படுவதை வரைவது என்ற பழக்கம் இங்கேதான் ஆரம்பமாகும். வாளியை முதலில் தரையில் வைத்து, அடுத்து மேசைமேல் வைத்து, கடைசியாகக் கண் மட்டத்துக்குத் தூக்கி வைத்து வரைந்து பாருங்கள். உயர உயர அந்த நீள்வட்டம் ஒடுங்கிக்கொண்டே வந்து, கண் மட்டத்தில் ஒரே கோடாகிவிடும்.

அளப்பதற்குப் பென்சிலையே பயன்படுத்தலாம். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியையும் உங்கள் பெருவிரலையும் பொருளின் இரண்டு முனைகளுக்கு நேரே வையுங்கள். கேத்தலின் உயரத்துக்குள் அதன் மூக்கு எத்தனை தரம் அடங்குகிறது என்று பாருங்கள். கை எப்போதும் முழுதாக நீண்டிருக்க வேண்டும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

கரியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பென்சில் பருமனில் மெல்லிய குச்சிகளை வெட்டி, தோலை உரித்து, நன்றாகக் காயவிடுங்கள். மூடியுள்ள பால்மா பேணி ஒன்றில் அவற்றை நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, அடுப்பு நெருப்பில் வையுங்கள். துளை வழியே புகை வரும். புகை நின்றதும் பேணியை வெளியே எடுத்து, முழுதாக ஆறிய பிறகே திறவுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சியெல்லாம் சாம்பலாகிவிடும். தேயிலை மிலாறில், அதாவது கவ்வாத்தில் வெட்டி விழும் தேயிலைக் குச்சியில், செய்த கரி சற்றுக் கடினமாக இருக்கும், மெல்லிய கோட்டுக்கு நல்லது. இருட்டாகப் பூசுவதற்கு மென்மையான மரக்குச்சி வேண்டும். கரியை அழிக்க அழிறப்பரைவிடப் பாணின் வெள்ளைப் பகுதி நன்றாக வேலை செய்யும். உருட்டி ஒற்றி எடுங்கள். பழைய காலத்து ஓவியர்களும் ரொட்டியால்தான் அழித்தார்கள்.

பனி சொல்லித்தரும் பாடம்

விடிகாலையில் எழுந்து வெளியே பாருங்கள். மலைக்குப் பின்னால் மலையாக நான்கைந்து தெரியும். பக்கத்து மலை கருமையாக இருக்கும். அடுத்தது சற்று வெளிறி, அதற்கடுத்தது இன்னும் வெளிறி, கடைசி மலைக்கும் வானத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போகும். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றும் நீர்த்துளிகளும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் இப்படித் தெரிகிறது. தூரம் கூடக்கூட இருட்டு வெளிறும், வித்தியாசங்கள் குறையும். சமவெளியில் இருக்கும் மாணவர் இதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வாசலிலேயே இருக்கிறது.

இதற்கான பயிற்சியைச் சொல்கிறேன். கடதாசியின் ஓரத்தில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டம் வெறும் வெள்ளை, ஐந்தாவது 6பி பென்சிலால் முடிந்தவரை கருப்பு. நடுவில் உள்ள மூன்றையும் சம இடைவெளியில் படிப்படியாக நிரப்புங்கள். இனி மலையைப் பார்க்கும்போது கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். இலை, கல், வேலி எல்லாம் கரைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு திட்டும் ஐந்தில் எந்தக் கட்டம் என்று முடிவு செய்து, அந்த ஐந்தை மட்டும் வைத்து வரையுங்கள். இலை வேண்டாம், மரத்தின் கிளை வேண்டாம். உள்ளங்கை அளவு படம் போதும். இப்படி முப்பது படம் போட்ட பிறகு உங்கள் பழைய படங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் எல்லாமே நடுத்தரச் சாம்பலாக இருந்தது உங்களுக்கே தெரியும். புதியவர்கள் கருமையைக் கருமையாகப் பூசப் பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம்.

இன்னொரு பாடம் லயத்துக்குள், நம் தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், இருக்கிறது. பழைய லயக் காம்பராக்களில் பல, ஒரு கதவும் ஒரு சின்ன ஜன்னலும் மட்டுமே உள்ளவை. அப்படிப்பட்ட வீட்டில் வாழ்வது கஷ்டம். வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு எல்லோருக்கும் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் வரையும்போது ஒரே பக்கத்திலிருந்து வரும் அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கதவோரத்தில் ஒரு முட்டையை வைத்து வரையுங்கள். வெளிச்சம் படும் பக்கம், அது மெல்ல நிழலாக மாறும் இடம், முழு நிழல், நிழலுக்குள் தரையிலிருந்து திரும்பி வரும் லேசான வெளிச்சம், தரையில் விழும் நிழல். ஐந்தும் அந்த ஒரு முட்டையில் தெரியும். நான் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் முழுக்க முட்டையும் உருளைக்கிழங்குமாகவே கொடுப்பேன். முகம் வரைய வரும்போது நெற்றியும் கன்னமும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

கண் மட்டம் எங்கே?

மலைநாட்டில் இருப்பவருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இது. தொலைவுக்காட்சிப் பாடத்தில் அடிவானக் கோடு என்று சொல்லித்தருகிறார்கள். நமக்கு அடிவானமே தெரிவதில்லை, மலைதான் தெரிகிறது. பிள்ளைகள் மலையின் உச்சிக் கோட்டை அடிவானம் என்று எடுத்துக்கொண்டு, வீடுகளின் கூரைகளை அதை நோக்கி இழுத்துவிடுகிறார்கள். வீடு கவிழ்ந்த மாதிரி வரும். உண்மையில் அந்தக் கோடு உங்கள் கண் மட்டம். அதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடியுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு ஒரே கோடாகத் தெரியும் உயரத்தில் நிறுத்தி, அந்தக் கோட்டை எதிரே உள்ள மலையில் நீட்டிப் பாருங்கள். அந்த இடம்தான். அதற்கு மேலே உள்ள கூரைகள் கோட்டை நோக்கி இறங்கும், கீழே உள்ளவை ஏறும்.

லயத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து வாசல் வரிசையை ஒரு தடவை வரைந்தால் இது புரிந்துவிடும்.

மலையின் வடிவத்துக்கு வேறொரு வழி உண்டு. விபி தேயிலையை (வெட்டிய துண்டிலிருந்து வளர்த்த கன்றுகளை)ச் சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடித்து நட்டிருப்பார்கள். அந்த வரிசைகள் மலையின் உடம்பைச் சுற்றிக் கட்டிய கயிறு போல, எங்கே புடைக்கிறது, எங்கே குழிகிறது என்று காட்டிக்கொண்டே போகும். செடி செடியாக வரையாமல் அந்த வரிசைகளில் ஆறேழை மட்டும் மெல்லிய கோடாகப் போட்டுப் பாருங்கள், மலை எழுந்து நிற்கும். இடையில் போகும் குறுக்குப் பாதையும் கானும் அதே வேலையைச் செய்யும்.

ஆட்களை வரைவது

முதலில் கேளுங்கள். "அக்கா, அஞ்சு நிமிசம் வரையட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் கொப்பியை மூடிவிடுங்கள். கொழுந்து எடுப்பவர்களை வந்தவர் போனவர் எல்லாம் கேட்காமலே படம்பிடித்துப் போகிறார்கள். நாமும் அதைச் செய்யக் கூடாது.

சுற்றுலா அட்டைகளில் வரும் பெண் நிமிர்ந்து நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கையில் பிடித்துச் சிரிப்பாள். உங்கள் அம்மா அப்படி நின்றதை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பாரம் இழுப்பதால் கழுத்து முன்னே போகும். இடுப்பில் தடித்த படங்குத் துணி கட்டியிருக்கும். சரிவில் நிற்பதால் ஒரு கால் மடங்கி, மறு கால் நீண்டிருக்கும். இப்போது பல இடங்களில் கூடைக்குப் பதில் சாக்குத்தான். தலையிலிருந்து பாரம் தாங்கும் கால் வரை ஒரே கோடு போட்டு, அதன்மேல் உடம்பைக் கட்டுங்கள். முகத்தின் மூக்கு முழியெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், சில படங்களுக்கு அவை தேவையே இல்லை. வேகம் வருவதற்குக் கோச்சியிலும் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் திருவிழாவிலும் வரையுங்கள். ஆள் அசைந்துவிட்டால் அடுத்த ஆளைத் தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் பத்து அரைகுறைப் படம் இருந்தால் அது நல்ல பக்கம்.

இவ்வளவுக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். பாடசாலையில் சித்திரம் ஒரு பாடமாக எடுத்தவர்கள் சற்று விரைவாக வந்துவிடலாம்.

இனி எண்ணெய் வர்ணம்

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முதலில் எண்ணெய் வர்ணம் தீட்டியது ஒரு ஆனி மாதத்தில், ஹட்டன் பக்கம். துணிக்குப் பூச்சு எதுவும் போடவில்லை. வர்ணம் இறுகியிருந்ததால், யாரோ சொன்னதைக் கேட்டு, அதில் தேங்காய் எண்ணெயைக் கலந்தேன். மாதக்கணக்கில் காயவே இல்லை. அடுப்புப் புகையும் தூசியும் ஒட்டிக் கருத்துப்போனது. அது அம்மாயியின் முகம். திரும்பவும் வரைய அவர் இருக்கவில்லை. அதனால்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எண்ணெய் வர்ணம் தண்ணீர் வர்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை. அதில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லை, எத்தனை வருடமானாலும் சரியாக இறுகாது. குளிரும் இருட்டும் ஈரமும் இறுகுவதைத் தாமதமாக்கும். கண்டியில் வெயில் நாளில் ஐந்தாறு நாளில் தொடக்கூடிய மெல்லிய பூச்சு, நுவரெலியாப் பனியில் இரண்டு வாரம் எடுத்ததைக் கண்டிருக்கிறேன்.

அதனால் காலம் பார்த்துத் தொடங்குங்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் வைகாசியிலிருந்து தென்மேல் பருவமழை கொட்டும், தை முதல் பங்குனி வரை நல்ல வெயில். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இதற்கு நேர்மாறு: ஆனி முதல் ஆவணி வரை காய்ந்த காற்று, மார்கழியில் மழை. மேற்கில் இருப்பவர் தையிலும், ஊவாவில் இருப்பவர் ஆடியிலும் முதல் படத்தைத் தொடங்கினால் பாதிச் சிக்கல் குறையும். மழை மாதங்களில் கரியும் பென்சிலும் இருக்கவே இருக்கின்றன.

படம் தீட்டும் பரப்புக்குக் கட்டாயம் அடிப்பூச்சு வேண்டும். வெறும் துணியில் எண்ணெய் ஊறினால் காலப்போக்கில் நூல் இற்றுப்போகும். ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சை இரண்டு தடவை பூசிக் காயவிடுங்கள். பயிற்சிக்குக் கன்வஸே வேண்டும் என்றில்லை. ஹாட்வெயார் கடையில் வெட்டித் தரும் ஹார்ட்போட் துண்டும், ஜெஸ்ஸோ பூசிய தடித்த கடதாசியும் போதும். நம் ஈரத்துக்குக் கன்வஸ் தொய்யும், இறுகும். ஹார்ட்போட் அவ்வளவு அசையாது. கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்ட் வேறு, இது வேறு. அதை வாங்க வேண்டாம்.

முதல் பத்துப் படத்துக்கு மூன்றே டியூப்: டைட்டானியம் வைட், பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரின் புளூ. அம்பரையும் நீலத்தையும் கலந்தால் கிட்டத்தட்டக் கருப்பு வரும், கூட வெள்ளையைச் சேர்த்தால் எல்லாச் சாம்பலும் வரும். பனியில் பழகிய அந்த ஐந்து கட்டங்களை இப்போது பெயிண்டில் கலந்து தட்டில் வரிசையாக வையுங்கள், அதே சின்ன மலைப்படங்களைத் திரும்பத் தீட்டுங்கள். அம்பர் சீக்கிரம் காயும், அதில் இருக்கும் மங்கனீசு அதற்கு உதவுகிறது. வெள்ளை மெதுவாகக் காயும்.

ஒரு விதியை மட்டும் மறக்கவே கூடாது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேற்பூச்சில் அதிகம். எண்ணெய் மிகுந்த பூச்சு மெதுவாகவே இறுகும். அது அடியில் இருந்து, மேலே உள்ளது முதலில் இறுகிவிட்டால், அடிப்பூச்சு பிறகு அசையும்போது மேலே வெடிப்பு விழும். டியூப்பிலிருந்து வரும் வர்ணத்தை அப்படியே மெல்லியதாகத் தேய்த்துத் தொடங்குங்கள். ஆளிவிதை எண்ணெயைக் கடைசிப் பூச்சில் இரண்டொரு துளி சேர்த்தால் போதும்.

டர்பன்டைன் பற்றி: நம் தோட்டங்களில் ஒரு வகை யூக்கலிப்டஸ் மரத்தை டர்பன்டைன் மரம் என்பார்கள். ஓவியர் பயன்படுத்துவது அதிலிருந்து வருவதில்லை, பைன் மரப் பிசினை வடித்து எடுப்பது. அதன் ஆவி தலைவலி தரும், அடைத்த அறையில் நல்லதல்ல. சின்னப் பிள்ளைகள் தூங்கும் காம்பராவில் திறக்கவே வேண்டாம். அது இல்லாமலும் வேலை நடக்கும்: பிரஷைத் துணியால் நன்றாகத் துடைத்து, சமையல் எண்ணெயில் தோய்த்து மறுபடி துடைத்து, சவர்க்காரமும் தண்ணீரும் போட்டு நுரை வெள்ளையாகும் வரை கழுவுங்கள். சமையல் எண்ணெய் துளியும் பிரஷில் மிஞ்சக் கூடாது.

மிக முக்கியமானது துடைத்த துணி. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் குவித்தால் சூடு வெளியேறாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுக்கப் போய்விடும். துணியை வெளியே கம்பியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த பேணியில் அமிழ்த்தி வையுங்கள். ஒரு நாள்கூடத் தவற விடாதீர்கள்.

பச்சை

மூன்று டியூப்பில் பத்துப் படம் முடிந்ததும் யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, பர்ன்ட் சியன்னா, அலிசரின் கிரிம்சன் நான்கையும் சேர்த்துக்கொள்ளலாம். பச்சை டியூப் வாங்க வேண்டாம். நேராக டியூப்பிலிருந்து வரும் பச்சை, தேயிலையைப் பிளாஸ்டிக் ஆக்கிவிடும்.

தேயிலை மலையை அருகே போய்ப் பாருங்கள். கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை: லெமன் யெல்லோவில் துளி நீலம். முற்றிய இலை கரும்பச்சை: நீலத்தோடு ஓக்கர், இருட்டுக்குச் சியன்னா. முற்றிய இலையின் மேற்புறம் பளபளப்பானது, வானத்தை வாங்கிக்கொள்ளும். மேகமூட்டமான நாளில் அந்த மினுக்கம் மஞ்சளாக இருக்காது, வெளிறிய நீலச் சாம்பலாக இருக்கும். இதைக் கவனித்த நாளில்தான் என் மலைகள் ஈரமாகத் தெரியத் தொடங்கின. தூர மலையில் பச்சையே இல்லை. நீலமும் வெள்ளையும், பிரஷ் நுனியளவு கிரிம்சனும் போதும்.

நம் தோல் நிறத்துக்குச் சியன்னாவையும் நீலத்தையும் அடியாக வையுங்கள். வெளிச்சம் படும் இடத்துக்கு முதலில் ஓக்கரைச் சேருங்கள், வெள்ளையைக் கடைசியில், மிகக் குறைவாக. வெள்ளையை அள்ளிப் போட்டால் முகம் சுண்ணாம்பு பூசியது மாதிரி ஆகும்.

மற்றவர் வேலையைப் பார்ப்பது

ஃபோன் திரையில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. கண்டிக்குப் போகும்போது தெகல்தொருவ குகை விகாரைக்குப் போய்வாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், சிவப்புப் பின்னணியில் கதையைப் பட்டை பட்டையாகச் சொல்பவை. அங்கே வெளிச்சம் நிழல் என்ற பேச்சே இல்லை, கோடுதான் எல்லாம். நான் இதுவரை சொன்னது ஓவியத்தில் ஒரு வழி மட்டுமே என்பது அங்கே நின்றால் புரியும். 1901இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற் அப்படிப்பட்ட கோட்டின் பலத்தில் எண்ணெய் வர்ணம் தீட்டியவர். அவரும் 1943இல் கொழும்பில் கூடிய '43 குழுவின் மற்ற ஓவியர்களும் தீட்டியவற்றைக் கொழும்பு 7, பான்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் பவுண்டேஷனில் பார்க்கலாம். குழுவில் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 1993இல் தொடங்கிய கலா பொல, விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் நடக்கும் திறந்தவெளிச் சித்திரச் சந்தை. வரைந்தவரிடமே நின்று பேசலாம், எந்தப் பூச்சு எத்தனை நாள் என்று கேட்கலாம். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தோட்ட வாழ்க்கையையே கருவாக வைத்துப் படைப்பவர். நம் பிள்ளைகளுக்கு அவர் வேலையை நான் தவறாமல் காட்டுவேன்.

முறையாகப் படிக்க விரும்பினால் உயர்தரத்தில் சித்திரம் எடுங்கள். தமிழில் தொடர யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகமும் உண்டு. அந்த வருடத்துக்கான தகைமைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்த படத்தை என்ன செய்வது?

முதலில் கண்ணாடியில் பிடித்துப் பாருங்கள். இடம் வலம் மாறும்போது சாய்ந்த மூக்கும் சரிந்த கூரையும் உடனே கண்ணில் படும். பிறகு காற்றோட்டமான இடத்தில், அடுப்புப் புகை படாமல், நல்ல வெளிச்சத்தில் தொங்கவிடுங்கள். இருட்டில் வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஈரச் சுவரில் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி ஒரு விரல் இடைவெளி விடுங்கள். வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள், தடித்த பூச்சானால் ஒரு வருடம்.

எப்போது முடித்தோம் என்பது அதற்குள் மறந்துபோகும். அதனால் ஹார்ட்போட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்: தோட்டத்தின் பெயர், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, ஏழாம் நம்பர் மலையா பன்னிரண்டா, மாதம், நேரம், பயன்படுத்திய டியூப்கள். படத்தில் ஆள் இருந்தால் அவர் பெயரையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.